இன்ஜின் மேல ஒரு சுரைக்காய்

நம்ம காலேஜ் ரேஸ் காரைப் பார்த்திருப்பீங்க. அதுல இன்ஜினுக்கு மேல சுரைக்காய் மாதிரி ஒண்ணு உட்கார்ந்திருக்கே, அது எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.

ஃபார்முலா பாரத் விதிப்படி, பெட்ரோல் இன்ஜினுக்குப் போற மொத்தக் காற்றும் 20 மில்லிமீட்டர் துவாரம் வழியாத்தான் போகணும். அதனால பைக் இன்ஜினோட வந்த இன்டேக் மேனிஃபோல்டு உதவாது, நாமளே செய்யணும். நான் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்ல த்ரீ-டி பிரிண்ட் எடுத்தேன். பெட்டி மாதிரி, பார்க்க அழகா இருந்துச்சு. ஆனா பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியிலயே இளகிடும். முதல் டெஸ்ட்லயே வாய் கோணிப்போச்சு.

போட்டிக்கு மூணு வாரம்தான். முழுசா அலுமினியத்துல செய்யக் காசில்லை. கார்பன் ஃபைபர் பேச்சே வேண்டாம். கோணிப்போனதைப் பையில போட்டுக்கிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

ஊர் சாயல்குடி. அப்பா மூக்கையூர் கரையில ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுறவர். அந்த ரெசின் வாடை எனக்குச் சின்ன வயசுலேருந்தே பிடிக்காது. ஹாஸ்டல்ல கேட்டா "போட் பிசினஸ்"னு சொல்லிச் சமாளிப்பேன்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பக்கமெல்லாம் தட்டையா வச்சிருக்கியேடா. படகுல எங்கயாச்சும் இப்படிப் பார்த்திருக்கியா?"

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். த்ராட்டில் மூடியிருக்கும்போது உள்ளே அழுத்தம் வெளியில இருக்கிறதுல பாதிக்கும் கீழே போயிடும். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பக்கத்தை வெளிக்காற்று 50 கிலோவுக்கு மேல அமுக்கும். வளைவா இருந்தா தாங்கும், தட்டைன்னா உள்வாங்கும்.

தெர்மாகோல்ல அச்சு வெட்டினேன். "ரெசின் பட்டா கரைஞ்சிரும், டேப்பைச் சுத்து"ன்னார். நான் ஒண்ணு சொன்னேன்: "படகுக்குப் போடுற பாலியெஸ்டர் ரெசின் இன்ஜின் சூட்டுக்குப் பத்தாதுப்பா. வினைல் எஸ்டர் வேணும்." கொஞ்சம் யோசிச்சவர், "அப்ப அதையே வாங்கு"ன்னார். மேட்டை அடுக்கடுக்கா ஒட்டினது அப்பா. இன்ஜினோட சேர்ற இடத்துக்கு மட்டும் அலுமினியத் தகடு, நடுவுல சிலிக்கான் ஹோஸ்.

கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேல கார் ஓடி முடிச்சதும் அப்பாவுக்குப் போன் பண்ணேன். "ஒட்டு விட்டுச்சா?"ன்னுதான் முதல்ல கேட்டார். விடலை.

நீங்க எதையாவது செய்யப்போறீங்கன்னா, எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், பெட்ரோல் பட்டா என்ன ஆகும்னு முதல்ல கேளுங்க. அதோட, அந்தப் பொருள்ல கைப்பழக்கம் உள்ளவங்க யாருன்னும் கேளுங்க. எனக்கு அந்த ஆள் வீட்டுலயே இருந்தார். இப்ப ஹாஸ்டல்ல கேட்டா, அப்பா படகுக்கு ஒட்டுப் போடுறார்னே சொல்றேன்.