சதுரகிரிப் பாதையில் வானமும் பாறையும்

விருதுநகரிலிருந்து மேற்கு நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்களுக்குச் சிவகாசியைத் தாண்டும் வரையில் கண்ணில் படுவன கரிசல் பூமியும், கருவேல மரங்களும், தனித்தனியே நிற்கும் பட்டாசுக் கொட்டகைகளுமே. ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கியதும் மேற்குத் தொடர்ச்சி மலை நீலத் திரை விரித்தாற்போல் எழுந்து நிற்கிறது. சுந்தர மகாலிங்க சுவாமி கோயில் கொண்டுள்ள சதுரகிரி அங்கேதான் இருக்கிறது. வத்திராயிருப்புக்கு அருகேயுள்ள தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கால்நடையாகவே ஏறவேண்டும்.

வெயிலை நம்பி வாழும் சீமை இது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் நிலைநாட்டினார்கள். அந்த சுதேசித் தொழிலுக்கு இவ்வூரின் வறண்ட காற்றும் ஒத்தாசை செய்தது. மருந்து உலரவேண்டிய ஊரில் காலையில் எழுந்ததும் ஆகாயத்தைப் பார்ப்பது இயல்பு. அதே ஜனங்கள் மலை யாத்திரைக்குக் கிளம்பும்போது மட்டும் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ஆகாயத்தை மறந்துவிடுவதுதான் விந்தை!

பாதையிலுள்ள இடங்களின் பெயர்களே நமக்குப் பாடம் சொல்லுகின்றன. மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று முன்னோர் வாளா பெயரிடவில்லை. உலர்ந்த கருங்கல்லில் காலடி நன்றாகப் பற்றும். அதே கல்லின்மேல் சிறிது ஈரம் படர்ந்தாலோ, நிழலில் பாசி பிடித்திருந்தாலோ கால் நில்லாது. சரிவில் கிடக்கும் சருகும் பொடி மணலும் ஈரத்திற்குச் சளைத்தவை அல்ல. பிடித்து ஏறவேண்டிய கல்லை முதலில் கையால் தட்டிப் பார்ப்பது நலம். 'டொக்'கென்று உள்ளீடற்ற ஓசை எழுந்தால் அது தாய்ப்பாறையிலிருந்து பிளந்து நிற்கும் பொருக்கு. அதில் உடற்பாரத்தை ஏற்றலாகாது.

வானத்தின் போக்கோ இன்னும் கவனிக்கத் தக்கது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை; சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை. காலையில் நிர்மலமாயிருந்த வானில் உச்சி வேளைக்குப் பின் கோபுரம் போல் மேகம் குவிந்தால், மேலே ஏறும் எண்ணத்தை விட்டு இறங்கிவிட வேண்டும். அடிவாரத்தில் ஒரு துளியும் விழாதிருக்கையிலேயே உச்சியில் பெய்த மழை ஓடையில் பாய்ந்து வரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், மேலேயிருந்து இரைச்சல் கேட்பதும் அதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன் ஓடையை விட்டு மேட்டில் ஏறிக்கொள்ள வேண்டுமேயன்றிக் குறுக்கே கடக்கத் துணியலாகாது. மழை ஓய்ந்து சில மணி நேரம் பொறுத்தால் பெரும்பாலும் வெள்ளம் தானே வடிந்துவிடும்.

2015-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமாவாசை தரிசனத்துக்காக வந்திருந்த பக்தர்கள் சிலர் இம்மலையில் திடீர் வெள்ளத்துக்கு இரையானார்கள். கோடை காலத்தில் வெள்ளத்தை யார் எதிர்பார்ப்பார்கள்? மழைக்குறி கண்டால் வனத்துறையினர் பாதையை அடைத்துவிடுவதன் காரணம் இதுவே. நேர்த்திக்கடனுக்காகக் குழந்தை குட்டிகளுடன் நெடுந்தூரம் வந்தவர்களுக்கு மனம் கசக்கத்தான் செய்யும். ஆனால், அமாவாசை அடுத்த மாதமும் வரும். மகாலிங்கம் மலையை விட்டு எங்கும் போய்விட மாட்டார். ஓடையில் போன உயிர்தான் திரும்பாது. அடிவாரத்திலிருந்தே கைகூப்பித் தொழுதுவிட்டு, குடும்பத்துடன் சுகமாக வீடு திரும்புவதும் யாத்திரையின் பலன்தான்.