ஒன்று புள்ளி நான்கு ஒன்று நான்கு

எங்க அண்ணன் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். 2004-இல் கடலூர்ப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம், பைப் பிட்டருக்கு ஹெல்பராகச் சேர்ந்தான். ஹெல்பர் என்றால் குழாயைத் தூக்க, பிடிக்க, கிரைண்டருக்கு ஒயர் இழுக்க, டீ வாங்க. டீ மட்டும் இவனை விட்டு வாங்கமாட்டார்கள். காலனிப் பையன் கை பட்ட டீயா என்று பிட்டர் வேறு ஆளை அனுப்புவார்.

நேராக வரும் குழாய்க்குக் குறுக்கே ஒரு பீம் நிற்கும். குழாய் அதற்கு ஒதுங்கி, மறுபடி பழைய திசையிலேயே போகணும். இதற்கு ஆப்செட் என்று பேர். 45 டிகிரி எல்போ இரண்டு போட்டு, நடுவில் சாய்வாக ஒரு துண்டு வைப்பார்கள். அந்தச் சாய்வுத் துண்டு எவ்வளவு நீளம் என்பதில்தான் பிட்டரின் பிட்டர்த்தனமே இருக்கிறது. அவர் ஒதுக்கத்தை அளப்பார். முதுகைத் திருப்பிக்கொள்வார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு வெளியே வரும். ஏதோ பெருக்குவார், ஏதோ கழிப்பார். குழாயில் சாக்பீஸ் கோடு போட்டு ‘வெட்டுடா’ என்பார்.

‘எப்பிடிண்ணே வந்துச்சு?’

‘உனக்கு எதுக்குடா கணக்கு? பைப்பப் புடி.’

எட்டு மாசம் அண்ணன் பார்த்தது அந்த முதுகைத்தான்.

ஒரு நாள் ராத்திரி ஷெட்டில், எல்லோரும் தூங்கின பிறகு, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் 500 எம்.எம். கோடு ஒன்று போட்டான். மூலைமட்டம் வைத்து அதன் முனையிலிருந்து இன்னொரு 500. இரண்டு முனையையும் சேர்த்து டேப் வைத்தால் 707. முந்நூறுக்கு 424. நூறுக்கு 141-ம் கொஞ்சமும். எதைப் போட்டாலும் அதே பங்குதான் வருகிறது. செல்போனில் வகுத்துப் பார்த்திருக்கிறான். 1.414.

ஆனால் பிட்டர் 707 வெட்டுவதில்லையே, குறைத்துத்தானே வெட்டுகிறார்? அதற்கு இன்னும் பத்து நாள் ஆனது. எல்போவும் இடம் தின்னும். இரண்டு குழாயின் மையக்கோடுகளும் சந்திக்கிற புள்ளியிலிருந்து எல்போ வாய்வரைக்கும் அளந்தான். நாலு இஞ்சு எல்போவுக்கு 64 எம்.எம். இரண்டு எல்போ, 128. வெல்டிங் இறங்க இரண்டு பக்கமும் மூணு மூணு எம்.எம். இடைவெளி, அது ஆறு. 707-இல் 134 போனால் 573. மறுநாள் பிட்டர் கோடு போட்ட இடமும் அதுவேதான். அண்ணன் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தது அடுத்த மாசம். அன்றைக்குக் குழாய் 300 மேலே ஏறணும், அதோடு 400 பக்கவாட்டிலும் நகரணும். இப்படி ரெண்டு பக்கமும் போகிற ஆப்செட்டுக்கு நேராகப் பெருக்கினால் சரிவராது. முந்நூறின் வர்க்கத்தையும் நானூறின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் எடுக்கணும், 500 வரும். கொத்தனார் மூலை பார்க்கிற அதே மூணு, நாலு, அஞ்சுதான். பிறகுதான் 1.414. பிட்டர் அவசரத்தில் நானூறை மட்டும் பெருக்கி, கழித்து, 432 என்று வெட்டச் சொன்னார். செயின் பிளாக்கில் தூக்கிச் சாரத்தில் வைத்துப் பார்த்தால் 141 எம்.எம். குறைகிறது. சூபர்வைசர் வந்தார். பிட்டர் யோசிக்கவே இல்லை. ‘இவன்தான் டேப்பத் தப்பாப் புடிச்சான், சேரிப்பய’ என்றார்.

‘டேப்பு சரிதாண்ணே. நீங்க முந்நூற உட்டுட்டீங்க’ என்று சொல்லிவிட்டான் அண்ணன். சொன்னதோடு நிற்காமல் 573 என்றும் சொன்னான்.

வெட்டிக் கெடுத்ததற்கு மூணு நாள் சம்பளம் பிடித்தார்கள். அது பரவாயில்லை. மறுநாள் காலையில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சேறு அள்ளச் சொன்னார்கள். பத்து ஹெல்பரில் இவனை மட்டும். குழாய் கட்டத் தெரிந்தவனை, அந்தக் குழாய் போய் விழுகிற இடத்துக்கு அனுப்புகிற ஏற்பாடு. அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டான். அம்மா நாலு நாள் அவனோடு பேசவில்லை. வீட்டில் வேறு வருமானம் இல்லாத காலம்.

நான் எம்.ஏ. தமிழ் படிக்கும்போது ஒரு பட்டிமன்றத்தில், போதையனார் பாடியது என்று சொல்லி ஒரு பாட்டைக் கேட்டேன். பித்தாகரசுக்கு முன்னாலேயே தமிழன் கண்டுபிடித்தது, மூலமே எடுக்க வேண்டாம் என்றார்கள். நீளமான பக்கத்தை எட்டுப் பங்காக்கி ஒன்றைத் தள்ளு, மிச்சத்தோடு சின்னப் பக்கத்தில் பாதியைக் கூட்டு, சாய்வு வந்துவிடும். பெருமையோடு வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவன் 300, 400 போட்டுப் பார்த்தான். 350-ம் 150-ம் ஐந்நூறு. ‘அட, நல்லாக்கீதே’ என்றான். பிறகு 500, 500 போட்டான். 687.5 வந்தது.

‘இருபது எம்.எம். குறையுதேடா. அத யாரு நிரப்புறது?’

தோராயமாகச் சொன்னது என்று சமாளித்தேன். ‘கொட்டா போடறவனுக்குச் சரி. உள்ள பிரஷர் ஓடுற லைனுக்கு ஆவாது’ என்று எழுந்து போய்விட்டான். அந்தப் பாட்டை மேடையில் சொல்வதை அன்றோடு விட்டேன். பழம்பெருமை பேசுகிற நம் தோழர்களுக்கும் இதைச் சொல்லிவருகிறேன், அவர்களுக்குப் பிடிப்பதில்லை. இரண்டின் மூலம் முடிவே இல்லாத எண் என்றும் ஒரு தடவை அண்ணனிடம் சொன்னேன். ‘டேப்புல முடிஞ்சிடும்’ என்றான்.

அதற்குப் பிறகு வேறு இடங்களில் பிட்டராகவே வேலை பார்த்தான், துபாயிலும் இருந்தான். இப்போது ஊரோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலனிச் சமுதாயக் கூடத் தரையில் ஏழெட்டுப் பையன்களை உட்காரவைத்துக் கோடு போடுகிறான். 60 டிகிரிக்கு 1.155, 45-க்கு 1.414, 30-க்கு 2, இருபத்திரண்டரைக்கு 2.613. முதலில் தரையில் வரைந்து, டேப்பால் அளந்து, பிறகுதான் எண்ணைச் சொல்கிறான். அவனிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. பாடம் நடக்கும்போது அதைத் திறந்து நடுவில் வைத்துவிடுவான், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். முதல் பக்கத்தில் 432 என்று எழுதி அடித்திருக்கிறான்.