நின்றும் முதிரும் சக்கரங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து மேற்குப் பாலைநிலத்தில் குவார்ட்சைட் என்னும் சிற்றூர் உள்ளது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறக்குறைய 2,400 பேரே. ஆயினும் குளிர்காலத்தில் ஊரின் தோற்றமே மாறிவிடுகின்றது. வடபுலத்துப் பனிக்கு அஞ்சிய முதியோர் பலர், படுக்கையறையும் அடுக்களையும் அமைந்த பெரிய மோட்டார் வண்டிகளில் வந்து மாதக்கணக்காய்த் தங்குகின்றனர்.

கவலையற்ற வாழ்வென நாம் எண்ணலாம். ஆனால், அவ்வீட்டுக்கு அத்திவாரம் டயர்களே! பெரிய வண்டிக்கு முன்னே 2, பின்னே 4 என 6 டயர்கள் வேண்டும். ஒன்றின் விலையே சில நூறு டொலர். ஆறையும் மாற்றினால் ஆயிரக்கணக்கில் செலவாகும்.

இவை ஓடித் தேயுமுன்னரே முதிர்ந்துவிடுகின்றன என்பதே வியப்பு. அசையாது நிற்கும் டயரின் இறப்பர், வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் வெடிப்புறுகின்றது. டயரின் பக்கத்தே பொறித்த குறியீட்டின் இறுதி 4 இலக்கங்கள் அதன் வயதைக் கூறும்: 2319 எனின், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. 10 ஆண்டு கடந்ததை, மேற்புறம் தேயாதிருப்பினும் அகற்றுக என்பர் உற்பத்தியாளர் பலர்.

ஓய்வூதியத்தில் வாழ்வோர்க்கு இது பெருஞ்சுமையே. எனினும், நெடுஞ்சாலையில் முன் டயர் வெடித்தால் வீடும் உயிரும் ஒருங்கே இடருறும். ஆதலின், நிற்கும் காலத்தில் டயர்களுக்கு வெள்ளை உறையிடுவதும், மாதந்தோறும் சிறுதொகை ஒதுக்கிவைப்பதுமே உண்மையான சிக்கனமாகும்.