எங்கள் தோலுக்கு எது பொருத்தம்?



"வெயிலுக்கை நிக்காதை பிள்ளை, கறுத்துப் போவாய்" என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த பெண் வன்னியில் இல்லை. ஆனால் வெயிலில் நிற்காமல் எங்களில் யாரால் சீவிக்க முடியும்? வயலில் களை பிடுங்குகிறோம். கச்சான் பிடுங்குகிறோம். முகமாலைப் பக்கம் எமது பெண்கள் பல ஆண்டுகளாக வெயிலில் முழந்தாளிட்டுக் கண்ணிவெடி அகற்றியிருக்கிறார்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்ணுக்கு வெயில்தான் வேலைத்தளம்.

வெளிநாட்டிலுள்ள எமது உறவுகள் இன்னொரு கதை சொல்வார்கள். அங்கே வெள்ளைத் தோலுள்ளவர்கள் பலர் பணம் கொடுத்துத் தோலைக் கறுப்பாக்குகிறார்கள். கடற்கரையில் கிடப்பார்கள், நிறமேற்றும் திரவம் பூசுவார்கள், கழியூதாக் கதிர் விளக்குப் பொருத்திய கட்டிலில் படுப்பார்கள். அந்தக் கட்டில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2009 இல் அறிவித்தது. வெள்ளையாகப் பிறந்தவர் கறுப்பாகவும், கறுப்பாகப் பிறந்தவர் வெள்ளையாகவும் செலவழிக்கிறோம். இரண்டிலும் உழைப்பது விற்பவர்தான்.

தோலின் வகை

1975 இல் அமெரிக்கத் தோல் வைத்தியர் தோமஸ் பிற்ஸ்பற்றிக், வெயில் பட்டால் தோல் எரிந்து சிவக்கிறதா அல்லது கறுக்கிறதா என்பதை வைத்துத் தோலை வகைப்படுத்தினார். பின்னர் அது 6 வகையாக விரிந்தது. முதலாம் வகை எரியுமே தவிரக் கறுக்காது. ஆறாம் வகை எரிவது மிக அரிது. எங்களில் பெரும்பாலானோர் 4 முதல் 6 வரையான வகையினர்.

எமது தோலிலுள்ள மெலனின் என்ற நிறப்பொருள், கலங்களின் கருவுக்கு மேலே குடைபோல நின்று கழியூதாக் கதிரைத் தடுக்கிறது. வெயில் கூடும்போது உடல் அந்தக் குடையை இன்னும் விரிக்கிறது. அதைத்தான் நாம் "கறுத்துப் போனேன்" என்று கவலையோடு சொல்கிறோம்.

ஆனாலும் இந்தக் குடை முழுப் பாதுகாப்பல்ல. எமது வகைத் தோலில் புண்ணோ பருவோ ஆறிய இடம் எளிதில் கறுத்து நிற்கும். கர்ப்ப காலத்தில் வரும் மங்கு வெயிலில் படரும். செல் துண்டு பட்ட தழும்புகளோடு வாழும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். புதிய தழும்பில், சத்திரசிகிச்சை செய்த தழும்பிலும், வெயில் படவிட்டால் அது மேலும் கறுக்கும். பெரிய தீக்காயம் ஆறிய இடத்தில் வியர்வை வராது. அதனால் உடற்சூடு தணிவது கடினம். அப்படிப்பட்டவர்கள் அடிக்கடி நிழலில் இருந்து தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஒரு கிறீமின் கதை

நான் வேலை செய்யும் கிராமமொன்றில் ஒரு தாய் முட்டை விற்ற காசில் மகளுக்கு வெள்ளையாக்கும் கிறீம் வாங்கிக் கொடுத்தார். தகப்பன் போரில் இறந்தவர். "சீதனம் குடுக்க என்னட்டை ஒண்டுமில்லை தங்கச்சி. நிறமாவது இருந்தால் பிள்ளையை ஆரும் கேப்பினம்" என்றார். முதல் மாதம் பிள்ளையின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்து, கடித்து, பருக்கள் பொங்கின. கிறீமை நிறுத்தியதும் முன்பைவிடக் கறுத்த திட்டுக்கள் வந்தன. அதில் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கலாம் என்றார் வைத்தியர். குணமாகப் பல மாதங்கள் சென்றன. பிள்ளை வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

நான் சமூகவியல் படித்தவள். அந்தத் தாயை அறியாமை என்று சொல்ல எனக்கு மனமில்லை. மணமகள் தேவை விளம்பரத்தில் "நல்ல நிறம்" என்று எழுதும் சமூகம்தான் அந்த முட்டைக் காசை வாங்கியது.

சில கிறீம்களில் பாதரசமும் இருக்கிறது. அது மெலனின் உருவாவதைத் தடுத்து வெளுக்கச் செய்யும். ஆனால் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவையும் தாக்கும். பூசியவரின் துவாய் வழியாக வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் செல்லும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025 உடன் முற்றாக நிறுத்துவதென்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023 இல் ஜெனீவாவில் தீர்மானித்தன. தீர்மானம் இருந்தாலும், பெயரில்லாத டப்பாவைக் கடையில் பார்த்து வாங்குவது நாம்தான்.

நாம் செய்யக்கூடியவை

• உள்ளடக்கம், தயாரித்தவர் பெயர், முகவரி இல்லாத கிறீமை வாங்காதீர்கள். "மேர்க்குரி", "கலோமெல்" என்ற சொற்கள் இருந்தாலோ, தங்கம், வெள்ளி நகையில் படவிட வேண்டாம் என்று எழுதியிருந்தாலோ வேண்டவே வேண்டாம்.

• ஏற்கனவே பூசி வருபவர்கள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குச் செல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

• தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசி வெயிலுக்குப் போகாதீர்கள். தோல் வெந்து கறுக்கும்.

• எமது உழைப்புக்குப் பொருத்தமான பாதுகாப்பு உடுப்புத்தான். நீளக்கைச் சேட், அகன்ற விளிம்புத் தொப்பி, கழுத்தை மூடும் துவாய். முடிந்தவர்கள் முகத்துக்கும் தழும்புக்கும் எஸ்.பி.எஃப் 30 உள்ள வெயில் கிறீம் பூசலாம்.

• காலை 10 மணிக்கு முன்பும் பிற்பகல் 3 மணிக்குப் பின்பும் கடின வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கூலி வேலையென்றால் மாதர் சங்கமாகச் சேர்ந்து நேரத்தைக் கேளுங்கள். தனியே கேட்பதைவிடப் பத்துப்பேர் கேட்பது நல்லது.

தோல் எங்கள் உடலின் காவல். எரியாமல், புண்ணாகாமல் அதைக் காப்பதுதான் எமக்குத் தேவை. அடுத்த முறை உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருபவர்கள் நிறத்தைக் கேட்டால், பிள்ளை என்ன படித்திருக்கிறாள், என்ன தொழில் செய்கிறாள் என்று நீங்கள் சொல்லத் தொடங்குங்கள். உங்கள் மகனுக்குப் பெண் தேடும்போதும் அதையே கேளுங்கள்.