பாட்டியும் பனியாறு பார்க்கலாம்

அலாஸ்கா கப்பல் பயணம் பற்றி நிறைய பேர் கேட்டுட்டீங்க.

ரந்தாவ் தோட்டத்துக் குடும்பங்கள், நாங்க 26 பேர். நாலு வயசுப் பேரன்லேர்ந்து 81 வயசுப் பாட்டி வரைக்கும். பாட்டிக்குச் சக்கர நாற்காலி. "பெரியவங்கள விட்டுட்டுப் போங்க"ன்னு சிலர் சொன்னாங்க. எங்களுக்கு மனசு ஒப்பல. சின்ன வயசுல நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பலேறி, மேல்தளத்துல பாய் விரிச்சு வந்தவங்க அவங்க. அதுக்கப்புறம் கப்பலே பார்க்கல. "பாய் நாமதான் கொண்டு போகணுமா?"ன்னு கேட்கிறாங்க!

விசாரிச்சதுல நல்ல சேதி. கிளேசியர் பே தேசியப் பூங்காவுல பயணிகள் யாரும் கரை இறங்குறதில்ல. பனியாறு கடலைத் தொடுற இடத்துல கப்பல் நின்னு மெதுவாத் திரும்பும். பூங்கா அதிகாரிகள் கப்பலுக்கே வந்து விளக்குவாங்க. பாட்டி உட்கார்ந்தபடியே பேரன் பார்க்கிறதை எல்லாம் பார்க்கலாம்.

ஆனா கோடையில நாளைக்கு 2 பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. பயணத் திட்டத்துல அந்தப் பேர் இருக்கான்னு பார்த்துட்டு முன்பணம் கட்டுங்க. அமெரிக்க விசா கட்டாயம். வான்கூவர்ல ஏறினா கனடா விசாவும் வேணும். ஆடித் திருவிழா வேலை இருக்கறதால நாங்க ஜூன்ல போறோம். சக்கர நாற்காலி நுழையுற அறைகள் கொஞ்சம்தான், அதை முதல்ல பிடிச்சிடுங்க.