லோதி மைதானத்தில் ஒரு காலை

புது தில்லியில் கான் மார்க்கெட்டை அடுத்து, ஜாகிர் உசேன் சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் பசுமையை நம்மவர்களில் பலர் பேருந்தின் சாளரத்திலிருந்து பார்த்திருப்பார்கள். மதிலுக்கு அப்பால் மரங்கள் தெரியும். எப்போதாவது ஒரு மயில் அகவுவது கேட்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பது முப்பத்தொரு ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்த எனக்கும் தெரியாமலே இருந்தது. சென்ற பிப்ரவரி மாதம், நண்பர் ஒருவரின் விருந்தினனாக அந்தத் தில்லி கோல்ஃப் கிளப்பில் பதினெட்டுக் குழிகளும் ஆடும் வாய்ப்புக் கிடைத்தது.

நண்பர் திருச்சிக்காரர். அரசுப் பணியில் இருந்த காலத்திலேயே விண்ணப்பித்து, பல ஆண்டுகள் காத்திருந்து உறுப்பினரானவர். மயூர் விஹாரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு மறுவாரம் ஊருக்கே திரும்ப இருந்தார். லோதி மைதானத்தில் அவர் ஆடும் கடைசி ஆட்டம் அது. துணைக்கு என்னை அழைத்தது அன்பினாலேயன்றி என் ஆட்டத் திறமையினால் அன்று. நான் லாடோசராயில் உள்ள குதுப் மைதானத்தில் கட்டணம் செலுத்தி ஐம்பது வயதுக்கு மேல் ஆடக் கற்றவன். பதினெட்டுக் குழிகளுக்கு இத்தனை அடிகள் என்று வகுத்த கணக்குக்குப் ‘பார்’ என்று பெயர். லோதியில் அது 72. நான் நூறுக்குள் முடித்துவிட்டால் அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைப்பார்கள்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணைக் கவர்வன பழைய சமாதிகள். செந்நிறக் கல்லால் அமைந்த லால் பங்களாவில் இரண்டாம் ஷா ஆலம் மன்னரின் அன்னை அடங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். முகலாயர் காலத்துக் குவிமாடத்தின் நிழலில் நின்று பந்தை அடிப்பது முதலில் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. இந்தியன் ஓபன் என்னும் பந்தயம் 1964-இல் முதன்முதலாக இங்கேதான் நடந்தது. ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் தாம்சன் வென்றார். பின்னர் 1976-77-இல் மைதானத்தைத் திருத்தி அமைத்தவரும் அவரே. 2019-இல் கேரி பிளேயர் மீண்டும் மாற்றி அமைத்தார். யார் திருத்தினாலும் இவ்விடத்தின் குணம் மாறவில்லை. குணம் என்று நான் சொல்வது புதர்களை.

பந்து செல்ல வேண்டிய புல்வழி இங்கே நம் கிராமத்து வண்டிப் பாதையைப் போலக் குறுகித் தோன்றும். இருபுறமும் முள்ளும் செடியும் கொடியும் பின்னிய காடு. அதற்குள் போன பந்து அகப்படுவது அரிது. அகப்பட்டாலும் அடிப்பதற்கு மட்டையை வீச இடமிராது. மூன்று நிமிடங்களுக்குள் பந்து கிடைக்காவிட்டால் ஓர் அடி தண்டம். அதோடு முன் அடித்த இடத்துக்கே திரும்பிச் சென்று மீண்டும் அடிக்க வேண்டும். தொடக்க மேடையில் முதல் அடி புதருக்குள் போயிற்றென்றால், அடுத்து அங்கிருந்தே அடிப்பது மூன்றாவது அடி என்று ஆகும். கொல்கத்தாவில் 1829-இல் தோன்றிய ராயல் கல்கத்தா கிளப்பில் குளங்கள் செய்யும் வேலையை இங்கே புதர்கள் செய்கின்றன என்றார் நண்பர்.

ஆகவே ஒவ்வொரு குழியின் தொடக்கத்திலும் ஒரே கேள்வி. ‘டிரைவர்’ என்னும் நெடுமட்டையை எடுத்துத் தொலைவுக்கு அடிப்பதா? ஐந்தாம் எண் இரும்பு மட்டையால் நாற்பது ஐம்பது கெஜம் குறைவாக, ஆனால் நேராக அடிப்பதா? பெரிய வீரர்கள் பலரே இங்கே டிரைவரைப் பையை விட்டு எடுப்பதில்லை. கொல்கத்தாவில் மைதானப் பணியாளரின் மகனாகப் பிறந்த சௌராசியா நெடுந்தூரம் அடிப்பவர் அல்லர், நேராக அடிப்பவர். 2015-இல் இந்த மைதானத்தில் நடந்த இந்தியன் ஓபனில் சமன் முறிக்கும் ஆட்டத்தில் அனிர்பன் லாஹிரியிடம் தோற்றார். மறு ஆண்டே இதே இடத்தில் வென்றார்.

எனினும், அடக்கி அடிப்பதுதான் எங்கும் அறிவுடைமை என்று நேயர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான அடிகளைக் கணக்கிட்டு 2014-இல் ஒரு நூல் வெளியிட்டார். குழிக்கு எவ்வளவு அருகில் பந்து கிடக்கிறதோ அவ்வளவு நல்லது. நமக்கு வசதியான தூரம் என்று வேண்டுமென்றே பின்தங்குவது பெரும்பாலும் நட்டம் என்பது அவர் கண்டது. வழியில் ஆபத்து இல்லாத இடத்தில் அது முற்றும் உண்மை. குதுப்பில் நான் அதை நம்பி ஆடிப் பயன் கண்டிருக்கிறேன். அதே நம்பிக்கையை லோதிக்கும் கொண்டுவந்தது என் பிழை.

என் பையைச் சுமந்து வந்தவர் அதை முதலிலேயே சொன்னார். பை சுமந்து வழி காட்டுபவரைக் ‘கேடி’ என்பது வழக்கம். நம்மூர்க் காவல் நிலையப் பட்டியலை நினைத்துவிடாதீர்கள். இவர்களைவிட நேர்மையான மனிதரை நான் மைதானத்தில் கண்டதில்லை. என் முதல் அடியைப் பார்த்ததுமே, “சாப், பாஞ்ச் நம்பர்” என்று இரும்பு மட்டையை நீட்டினார். நான் டிரைவரைக் கேட்டேன். மூன்றாம் குழியில் ஒரு பந்து போயிற்று, நான்காவதில் ஒன்று, எட்டாவதில் இரண்டு. ஒருவன் தான் வாழ்நாளில் அடித்த மிகச் சிறந்த அடியை மனத்தில் வைத்துக்கொண்டு மட்டையைத் தேர்ந்தெடுக்கிறான். கேடியோ அவன் வழக்கமாக அடிக்கும் அடியை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்பதாம் குழியிலிருந்து அவர் நீட்டியதையே வாங்கிக்கொண்டேன். அதன்பின் எட்டுக் குழிகளில் ஒரு பந்துகூடத் தொலையவில்லை.

நாங்கள் நால்வர், இருவர் இருவராகப் பிரிந்து ஆடினோம். ஒவ்வொரு குழியிலும் இருவரில் யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவருடைய கணக்கே அணியின் கணக்கு. எதிர் அணியில் ஓய்வு பெற்ற கர்னல் ஒருவரும் அவருடைய மைத்துனரும். தோற்றவர் சிற்றுண்டிச் செலவை ஏற்க வேண்டும். நண்பர் காலை முழுவதும் புல்வழியை விட்டு விலகவில்லை. அவர் புண்ணியத்தில் கடைசிக் குழிக்கு வரும்போது ஆட்டம் சமநிலையில் நின்றது.

அங்கே கர்னலின் பந்து புதருக்குள் மறைந்தது. மைத்துனர் நேராக அடித்தார். நண்பரும் தமது ஐந்தாம் எண் மட்டையால் வழியின் நடுவே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “நான் நல்ல இடத்தில் இருக்கிறேன் சார். இப்போது நீங்கள் டிரைவரை எடுக்கலாம்” என்றார். அது சரியான கணக்கு: ஒருவர் பத்திரமாக இருக்கும்போது மற்றவர் துணியலாம். துணிந்தேன். பந்து அழகாக எழுந்து, வலப்பக்கம் வளைந்து, காட்டுக்குள் சென்றது. இரண்டு மயில்கள் வெளியே வந்தன; பந்து வரவில்லை.

இனி எல்லாம் நண்பர் கையில். வழக்கம் போல இன்னோர் அடி குறுக்கி அடித்து, மணற்குழிக்கு முன்னே பந்தை நிறுத்தியிருந்தால் ஆட்டம் பெரும்பாலும் சமனாக முடிந்திருக்கும். அவர் பந்தின் அருகே நெடுநேரம் நின்றார். கொடியைப் பார்த்தார், அதற்கு அப்பாலிருந்த குவிமாடத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி மர மட்டையைக் கேட்டார். பதினேழு ஆண்டுகளாக அவர் பையைச் சுமந்த முதியவர் ஒரு கணம் அசையவில்லை. “சாப்?” என்று மட்டும் கேட்டார். பின்னர் எடுத்துக் கொடுத்தார்.

பந்து மணலைத் தாண்டிவிட்டது. ஆனால் இடப்புறம் சாய்ந்து மரத்தில் பட்டுப் புதருக்குள் விழுந்தது. ஆட்டம் போயிற்று.

சிற்றுண்டியின் போது, இத்தனை ஆண்டுகளில் செய்யாததை இன்றைக்கு ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். “இத்தனை ஆண்டுகளில் அந்த இடத்திலிருந்து கொடியை நோக்கி அடித்ததே இல்லையே” என்றார். அவர் செய்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். சமன் செய்வதில் என்ன குறை? அவரோ தோசையை இரண்டாம் முறை வரவழைத்து, பந்து மணலைக் கடந்த விதத்தைக் கர்னலுக்குக் கைகளால் விளக்கிக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது மட்டைகளை முதியவரிடமே கொடுத்துவிட்டார். முதியவர் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்தார். டிரைவர் ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. ஐந்தாம் எண் மட்டையின் முகம் நடுவில், ஒரு காசளவு, தேய்ந்து வெளுத்திருந்தது.