பீச்சாங்கை மிருதங்கம்

கீரனூரில் பெரியப்பா வீட்டு வால்வு ரேடியோவில் திருச்சி நிலையம் வைத்தால் அவருக்குப் பாட்டு இரண்டாம்பட்சம். பக்கவாத்தியம் யார் என்று அறிவிப்பாளர் சொல்வதைத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று வந்துவிட்டால் மாட்டுக்குத் தண்ணி காட்டுவதுகூடத் தள்ளிப்போகும். எல்லாம் பழைய ஒலிப்பதிவு. பிள்ளை 1962-லேயே போய்விட்டார். ஆனாலும் "நம்ம பழனிக்காரருடா" என்பார், ஏதோ பங்காளி மாதிரி.

பிள்ளைக்கு இடக்கைப் பழக்கம். நாங்கள் இடக்கையால் ஒரு முறுக்கைத் தொட்டாலே பெரியம்மா மணிக்கட்டில் ஒன்று வைப்பார். பிள்ளை பட்டது அதற்கும் மேல். மிருதங்கத்தின் கருமை பூசிய பக்கமான வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமானால் அவர் பாடகருக்கு மறுபக்கம் உட்கார வேண்டும், பிடில்காரர் இடம் மாற வேண்டும். சிலர் மாட்டேன் என்றார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவரை விடாமல் மேடையில் உட்கார வைத்தார். பிள்ளைக்குத் தாளக் கணக்கு வீட்டுச் சொத்து: அப்பா முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வழிவந்தவர்.

பெரியப்பா பிள்ளையை நேரில் பார்த்திருக்கிறார். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மிருதங்கத்தின் மந்த நாதப் பக்கமான தொப்பியின் நடுவில் அப்புவாராம். தட்டிப் பார்த்து, ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்து, ஈரவிரலால் தடவி, மறுபடி தட்டுவாராம். "அந்தக் கும்கி உள்ளே போய்த்தான்டா வெளியே வரும்" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். எனக்குக் கிடைத்த பதிவுகளில் சொற்கட்டு முத்து முத்தாக விழுகிறது. தொப்பிதான் பாதி அமுங்கிவிட்டது. பெரியப்பா சொன்ன அந்த நாதம் பெரியப்பாவோடு போனது என்றுதான் நினைக்கிறேன்.

1966-ல் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். மிருதங்கத்துக்கு அதுதான் முதல் தடவை. அதற்கு முன் அவர் பக்கத்தில் கஞ்சிரா எடுத்து வாசித்தவரும் பிள்ளைதான். பிள்ளைக்கோ பட்டம் வரும் வரை ஆயுசு இல்லை. பிள்ளையின் சீடர் திருச்சி சங்கரன் 1971-ல் கனடா போய், டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தில் இந்தக் கணக்கையெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

போன தைப்பூசத்துக்குப் பழனி அடிவாரத்தில் ஒரு வயசாளியிடம் சுப்பிரமணிய பிள்ளை பற்றிக் கேட்டேன். "எந்தச் சுப்பிரமணி?" என்றார். பழனியில் அந்தப் பெயருக்கா பஞ்சம்!